பாசிக்குடாவில் ஏழு வகை விருந்து: நண்டுக்காகப் போகலாம்

பாசிக்குடாக் கடற்கரை ஹோட்டல் ஒன்று முற்பதிவுக்கு மட்டும் தரும் இரவு விருந்து இது. பஃபேக்குப் பழகிப்போன கரையில், ஒவ்வொன்றாகச் சமைத்து மேசைக்குக் கொண்டுவருவதே துணிச்சல்தான்.

முதலில் விரலளவு இறால் வடை. மொறுமொறுப்பு, அவ்வளவே. அடுத்து சிறு கிண்ணத்தில் சொதி. பால் திரையவில்லை, முதற்பால் விட்டபின் கொதிக்க விடாமல் இறக்கி, சூடு தணிந்த பிறகே தேசிக்காய்ப்புளி விட்டிருக்கிறார்கள். மூன்றாவதாக வரும் கணவாயும் பதம். இரண்டு மூன்று நிமிடம் தாண்டினால் அது ரப்பர். பிறகு முக்கால் மணி நேரம் அவித்தால்தான் மெதுவாகும்.

நான்காவது, வாவி நண்டு. ஆளுக்கு ஒன்று. கால்களைச் சமைக்க முன்பே தட்டி வெடிக்க வைத்திருப்பதால் குழம்பு உள்ளே இறங்கியிருக்கிறது, மேசையில் ஓட்டோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. வறுத்த தூளின் மணம் தூக்கலாக இருக்கிறது. முருங்கையிலையைக் கடைசியில் போட்டு மூடியதால் பச்சை மாறவில்லை. ஓட்டை அமத்திப் பாருங்கள், கல்லுமாதிரி இருக்கும். அண்மையில் ஓடு கழற்றிய நண்டென்றால் நெகிழும். உள்ளே சதைக்குப் பதில் தண்ணீர்தான். கூட வைக்கும் பிட்டு காணாது. கேட்டால் இன்னும் தருகிறார்கள்.

பிழை இங்கேதான் தொடங்குகிறது. நண்டை ஒழுங்காகச் சாப்பிட அரை மணி நேரம் போகும். சமையலறையோ பதினைந்து நிமிடக் கணக்கில் அடுத்ததை அடுப்பில் போட்டுவிடுகிறது. அறக்குளாத் துண்டு விளக்குச் சூட்டில் காத்துக்கிடந்து வறண்டுபோய் வருகிறது. இறுக்கமான தசையுள்ள மீன், காத்திருக்கத் தாங்காது. ‘நண்டுக் கோப்பையை எடுத்த பிறகு மீனைப் போடுங்கோ’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆறாவதாக வரும் சோறும் மூன்று கறியும் யார் வயிற்றுக்கோ!

முடிவில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும். தயிரைச் சட்டியோடேயே மேசைக்குக் கொண்டுவருவது கெட்டித்தனம். மண்சட்டி நீரை உறிஞ்சுவதால்தான் அந்த இறுக்கம். கரண்டியால் வெட்டிய விளிம்பு அப்படியே நிற்கிறது. உள்ளேயே வெட்டிக் கிண்ணத்தில் வைத்திருந்தால் வந்துசேர முன்பே தண்ணீர் விட்டிருக்கும். பாணியில் புகை மணம் உண்டு, சீனிப்பாகு கலந்ததாகத் தெரியவில்லை.

விலையட்டையில் உள்ளது வரிக்கு முந்திய தொகை. 10% சேவைக் கட்டணம், அதன்மேல் 18% வற் (VAT) வரி சேர, 1,000 ரூபாய் 1,298 ஆகும். எழும்பப் பத்து மணி தாண்டும். மட்டக்களப்பு நகருக்குத் திரும்புபவர்கள் வாகனத்தை முன்பே பேசி வையுங்கள்.