கன் டிரில்லிங் என்று பில் போட்டு, லாங் டிரில்லில் ஓட்டை போட்டுத் தந்தார்கள்

கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு மோல்டு (பொருளை வார்க்கும் அச்சு) பட்டறை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு கோர் பிளேட்டில் (பொருளின் உட்பக்கத்துக்கு வடிவம் தரும் மோல்டுத் தட்டு) நான் பட்டதை எழுதுகிறேன். பிளேட்டை வெளியே ஜாப் வொர்க்குக்குக் கொடுப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

பி20 என்ற மோல்டு ஸ்டீல், நீளம் 420 மிமீ. கூலிங் தண்ணீர் போக 8 மிமீயில் நான்கு ஓட்டைகள், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. அதாவது விட்டத்தைப் போல 52 மடங்குக்கும் மேல் ஆழம். வழக்கமான டிவிஸ்ட் டிரில் (லாங் டிரில் என்பது இதன் நீளமான வகைதான்) ஐந்து மடங்கு தாண்டினாலே சில்லு, அதாவது வெட்டிய உலோகத் துகள், வெளியே வரத் திணறும், டிரில்லை அடிக்கடி மேலே இழுக்க வேண்டும். நீளம் கூடக் கூட அது வளைந்து தன் போக்கில் போகும். கன் டிரில்லில் ஒரே ஒரு வெட்டுமுனைதான். உள்துளை வழியாக அழுத்தத்தோடு போகும் எண்ணெய், வி வடிவப் பள்ளத்தின் வழியே சில்லை அடித்துக்கொண்டு திரும்பும். தலையில் உள்ள கார்பைடு, தான் வெட்டிய சுவரிலேயே சாய்ந்து போவதால் ஓட்டை நேராக இருக்கும். அதற்காகத்தான் கூடுதல் ரேட்டுக்குச் சம்மதித்தேன்.

இரண்டே நாளில் பிளேட் வந்துவிட்டது. வாய் இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தது, நானும் நம்பினேன். அப்புறம், வார்த்த பொருளை வெளியே தள்ளும் எஜெக்டர் பின்னுக்கு ஓட்டை போடும்போது, 3 மிமீ சுவர் இருக்க வேண்டிய இடத்தில் டிரில் நேராகக் கூலிங் ஓட்டைக்குள் இறங்கிவிட்டது. மனசு உடைந்துபோனது. கோர் முகத்தின் வேலை பாதி முடிந்திருந்த பிளேட் அது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் படி தெரிந்தது. இரண்டு பக்கமும் லாங் டிரில் விட்டு, நடுவில் எப்படியோ சேர்த்திருக்கிறார்கள். கன் டிரில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தால் படி எங்கிருந்து வரும்? நேரில் போய்க் கேட்டேன். கன் டிரில்லிங் மெஷினின் எண்ணெய் பம்ப் பழுதாம், அவசரம் என்று நான் சொன்னதால் சாதாரண ரேடியல் டிரில்லிங் மெஷினில் போட்டார்களாம். பம்ப் பழுது என்று ஒரு போன் செய்திருந்தால் நான் காத்திருப்பேன். பில்லில் கன் டிரில்லிங் ரேட்டை ஏன் போட்டீர்கள் என்றதற்குப் பதிலே இல்லை.

பிளேட் கொடுக்கும் முன் மெஷின் ஓடுவதை நேரில் பாருங்கள். டிரில் நுழையும் இடத்தில் அதை நேராகப் பிடிக்கும் கைடு புஷ் இருக்கிறதா, பிரஷர் கேஜில் முள் ஏறுகிறதா என்று பாருங்கள். 8 மிமீ டிரில்லுக்கு எண்ணெய் பல பத்து பார் அழுத்தத்தில் போக வேண்டும், சாதாரண கூலன்ட் பம்ப் போதாது. பிளேட் திரும்பி வந்ததும், அடுத்த வேலையைத் தொடும் முன்பே, 7.8 மிமீ சில்வர் ஸ்டீல் ராடை (துல்லியமாக வழவழவென்று தேய்த்த ஸ்டீல் கம்பி) உள்ளே விடுங்கள். இரண்டு வாயும் டிராயிங்கில் உள்ள இடத்திலேயே இருக்கின்றனவா என்றும் அளந்துவிடுங்கள். நான் இதைச் செய்யாமல் விட்டதால் ஒரு பிளேட்டும் பதினைந்து நாளும் போயின.

புது பிளேட்டை வேறு இடத்தில் கொடுத்து, பக்கத்திலேயே நின்று போட்டு வாங்கினேன். நான்கு ஓட்டையிலும் ராடு தடையே இல்லாமல் போய் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. முதல் பட்டறை இதுவரை பணத்தைத் திருப்பித் தரவில்லை.