ஆல்கஹாலில் பெராக்சைடு: ஸ்ட்ரிப்பும் பியூரெட்டும்

திருப்பூர்ச் சாயப்பட்டறை லேபில் இருந்தவரை பெராக்சைடு ஸ்ட்ரிப்தான் (ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் நீலமாகும் சோதனைப் பட்டை) எனக்கு எல்லாம். பிளீச்சிங் முடிந்து, மிச்சப் பெராக்சைடை முறிக்கும் கில்லர் போட்டதும் ஒரு முக்கு. நீலம் ஏறாவிட்டால் சாயம் போடலாம். 2020இல் கோவைப் பக்கம் ஒரு சிறிய சானிடைசர் கம்பெனிக்கு வந்தபோதும் அதே நம்பிக்கைதான்.

கலவை, உலக சுகாதார நிறுவனம் சொன்னது: எத்தனால் 80 சதவீதம், கிளிசரால் 1.45, பெராக்சைடு 0.125. அந்தப் பெராக்சைடு கைக்கு இல்லை. கலவையிலும் பாட்டிலிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா ஸ்போர்களைக் கொல்வதற்கு. 10 லிட்டருக்கு 3 சதவீதக் கரைசல் 417 மில்லி.

முதல் 10 லிட்டரில் ஸ்ட்ரிப்பை நேராக முக்கினேன். வெள்ளையாகவே இருந்தது. கலக்கிய அண்ணனைக் கேட்டால், "என் கையாலதானுங்க ஊத்துனேன்" என்றார். நான் ஸ்ட்ரிப்பை நம்பி, இன்னொரு 417 மில்லி ஊற்றச் சொன்னேன். சாயங்காலம் டைட்ரேஷனில் (பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது) கிட்டத்தட்ட இரு மடங்கு! அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் என் கணக்கில் குடித்தார்.

விஷயம் இதுதான். ஸ்ட்ரிப்பில் இருப்பது பெராக்சிடேஸ் நொதி. தண்ணீர் இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். இப்போது மாதிரியைத் தண்ணீர் விட்டு 50 மடங்கு நீர்க்கச் செய்கிறேன். லிட்டருக்கு 1,250 மில்லிகிராம் 25 ஆகிவிடும், ஆல்கஹாலும் 2 சதவீதத்துக்குள் வந்துவிடும். நிறம் சரியாக ஏறுகிறது.

ஆனாலும் பேட்ச் வெளியே போவது பியூரெட் சொன்னால்தான். 10 மில்லி மாதிரி, 100 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர், நீர்த்த கந்தக அமிலம், பொட்டாசியம் அயோடைடு, சில சொட்டு அம்மோனியம் மாலிப்டேட். பெராக்சைடு அயோடினை விடுவிக்க ஐந்து நிமிடம் இருட்டில் வைத்துவிட்டு, அந்த அயோடினை அளக்க 0.1 நார்மல் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்). வைக்கோல் நிறத்துக்கு வந்த பிறகு ஸ்டார்ச். 7.35 மில்லிக்குப் பக்கத்தில் நீலம் மறைந்தால் கலவை சரி. தண்ணீரைக் குறைத்தால் ஆல்கஹாலில் ஸ்டார்ச் நீலமே சரியாகக் காட்டாது. பழைய பழக்கத்தில் பெர்மாங்கனேட்டும் போட்டுப் பார்த்தேன். அது ஆல்கஹாலையும் மெல்லத் தின்பதால் இளஞ்சிவப்பு நிற்பதில்லை. விட்டுவிட்டேன்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள குளோரினும் அயோடினை விடுவித்து அளவைக் கூட்டிக் காட்டும். போர்வெல் உப்புத் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியை எடுத்த கையோடு மூடுங்கள். ஐப்பசி மழையில் ஒரு டப்பா முழுக்க ஈரம் பட்டு வீணாய்ப் போனது எனக்கு.