பேரியமா, தங்கமா: முதிய விண்மீனும் நியூட்ரான் விண்மீன் மோதலும்

கனமான தனிமங்கள் முதிய விண்மீனில் பிறந்தனவா, நியூட்ரான் விண்மீன்களின் (வெடித்த பெரிய விண்மீன்களின் மிக அடர்ந்த மிச்சங்கள்) மோதலில் பிறந்தனவா என்று பலர் தடுமாறுகிறார்கள். இரண்டிலும் அணுக்கரு நியூட்ரான்களைப் பிடித்துத்தான் கனமாகிறது.

வேகம்: முதிய சிவப்பு அரக்கனுக்குள் (ஆயுளின் இறுதிக் கட்டத்தில் ஊதிப் பெரிதான விண்மீன்) ஓர் அணுக்கரு அடுத்த நியூட்ரானைப் பிடிக்கப் பல ஆண்டுகள்கூட ஆகும். மோதலில் ஒரே நொடியில் பல நியூட்ரான்கள் வந்து சேரும்.

எல்லை: முன்னது ஈயம், பிஸ்மத்தோடு நின்றுவிடும். பின்னது யுரேனியத்தையும் தாண்டும்.

சான்று: 1952இல் வானியலாளர் பால் மெரில் சில சிவப்பு அரக்கர்களின் ஒளியில் டெக்னீசியம் என்ற தனிமத்தைக் கண்டார். அதற்குச் சிதையாமல் நிலைத்திருக்கும் வடிவமே (ஐசோடோப்பு) கிடையாது. விண்மீனின் ஆயுளுக்குள் சிதைந்துவிடும். அப்படியானால் அது அங்கேயே, அண்மையில்தான் உருவாகியிருக்க வேண்டும். இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. மோதலுக்கு 2017 ஆகஸ்ட் 17இல் பதிவான ஈர்ப்பலையும் (மோதல் வெளியில் எழுப்பிய அதிர்வு) அதன் ஒளியும் சான்று.

சரி, எதற்கு எது? பேரியம், ஸ்ட்ரான்ஷியம் என்றால் பெரும்பாலும் முதிய விண்மீன். தங்கம், பிளாட்டினம் என்றால் மோதல் பக்கம் பாருங்கள்.