ஜாவாவில் தேதி, நேரம்: டேட்டைம்ஃபார்மேட்டரோடு நெடுநாள் பழகிய பிறகு

பில்லிங், வருகைப்பதிவு மாதிரியான மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத் தேதிதான் தினசரிச் சோறு. ஜாவா 8 வந்தது 2014 மார்ச்சில். அதோடு ஜாவா.டைம் லைப்ரரி வந்தது. தேதியை எழுத்தாக அச்சிடவும் எழுத்திலிருந்து படிக்கவும் உதவும் டேட்டைம்ஃபார்மேட்டர் அதில்தான் இருக்கிறது. அதற்கு எங்கள் குழு கொஞ்சம் தயங்கித்தான் மாறியது. அதன் பிறகு எத்தனையோ ஜேடிகே (ஜாவாவில் எழுதுவதற்கான கருவித்தொகுப்பு) பதிப்புகள் போய்விட்டன. நல்லதும் கெட்டதும் இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் பழசைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முன்பு இந்த வேலையைச் செய்த சிம்பிள்டேட்ஃபார்மேட் தன் வயிற்றுக்குள் ஒரு கேலண்டர் ஆப்ஜெக்டை வைத்திருக்கும். ஒவ்வொரு முறை தேதியை அச்சிடும்போதும் அதையே மாற்றி எழுதும். அதை ஸ்டாட்டிக்காக, அதாவது எல்லோருக்கும் பொதுவாக ஓரிடத்தில் வைத்து எல்லா த்ரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) பயன்படுத்தினால் ஒருவர் பில்லில் இன்னொருவர் தேதி வந்து உட்காரும். லாக்கில் ஒரு வரி எரர் இருக்காது. டெவலப்பர் மெஷினில் எவ்வளவு தட்டிப் பார்த்தாலும் வராது, மாதக் கடைசிக் கூட்டத்தில்தான் வரும். போதாததற்குத் தாராள மனசு வேறு: பிப்ரவரி 30 என்று கொடுத்தால் சத்தமில்லாமல் மார்ச் 2 ஆக்கிவிடும், லீப் வருடமென்றால் மார்ச் 1.

டேட்டைம்ஃபார்மேட்டரில் அந்த த்ரெட் தலைவலி அடியோடு போயிற்று. உருவாக்கிய பிறகு மாறாது, எங்கு வேண்டுமானாலும் பகிரலாம். இந்த ஒன்றுக்காகவே மாறலாம்.

ஆனால் என்னைக் கேட்டால், பெரிய லாபம் ஃபார்மேட்டரில் இல்லை, அதற்குப் பின்னாலிருக்கும் வகைகளில்தான். ஜோடா-டைம் என்ற முந்தைய தேதி லைப்ரரியை எழுதிய ஸ்டீபன் கோல்போர்ன் இதிலும் முன்னின்றார். அந்த அனுபவம் தெரிகிறது. பிறந்த தேதிக்கு லோக்கல்டேட், பணம் வந்த கணத்துக்கு இன்ஸ்டன்ட் என்று தனித்தனி. இன்ஸ்டன்ட்டை நேர மண்டலம் சொல்லாமல் நாள், மாதம், வருடமாக அச்சிடச் சொன்னால் எக்செப்ஷன் (பிழை) எறியும். புதிதாகச் சேரும் பையன்கள் இதைப் பார்த்து எரிச்சலாவார்கள். 'எந்த ஊர்க் கடிகாரப்படி?' என்று அது கேட்கிறது, நியாயமான கேள்விதானே.

மாறாமல் அப்படியே வந்து சேர்ந்த தொல்லை, தேதி எந்த வடிவில் வர வேண்டும் என்று சொல்லும் பேட்டர்ன் எழுத்துகள். பெரிய எம் (M) மாதம், சிறிய எம் (m) நிமிடம் என்பது எல்லோருக்கும் தெரியும். சிறிய ஒய் வருடம். பெரிய ஒய் வார அடிப்படையிலான வருடம். இதுதான் விஷம். 2019 டிசம்பர் 29 ஞாயிற்றுக்கிழமை. இந்திய, அமெரிக்க அமைப்புகளில் வாரம் ஞாயிறில் தொடங்கும், ஜனவரி 1 இருக்கிற வாரம் முழுவதும் புது வருடத்துக்குச் சொந்தம். எனவே பெரிய ஒய் போட்டவர்களுக்கு அன்றைய தேதி 29-12-2020 என்று வரும். வருடத்தில் மற்ற எல்லா நாளும் சரியாகக் காட்டிவிட்டு, எல்லோரும் விடுமுறையில் இருக்கும் வாரத்தில் மட்டும் சொதப்பும். 2014 டிசம்பர் கடைசியில் ட்விட்டரின் ஆண்ட்ராய்டு செயலி பலரை வெளியே தள்ளியதே, அப்போது அவர்கள் சர்வர் 2015 என்று தேதி சொல்லிக்கொண்டிருந்தது. அதே ரகக் கோளாறு.

பெரிய டி (D) இன்னொன்று. அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைத் தரும். ஜனவரி முழுக்க எல்லாம் சரியாகவே இருக்கும், பிப்ரவரி 1 அன்று 32 என்று காட்டும். இங்கே புது ஃபார்மேட்டர் ஓரளவு உதவுகிறது. இரண்டு பெரிய டி போட்டிருந்தால் நூறாவது நாளில், அதாவது சாதாரண வருடத்தில் ஏப்ரல் 10 அன்று, 'இரண்டு இலக்கத்தில் அடங்காது' என்று விழுந்துவிடும். விழுவது எவ்வளவோ மேல், தப்பான தேதியோடு பில் போவதைவிட.

இந்தியாவிலிருந்து எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு பக் உண்டு. நேரத்தின் கடைசியில் வரும் இசட், உலகப் பொது நேரமான யூடிசி என்பதற்கான அடையாளம். பலர் பேட்டர்னில் அதை ஒற்றை மேற்கோளுக்குள் போட்டு வெறும் எழுத்தாக்கிவிடுவார்கள். அர்த்தம் போய்விடும், நேரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். எங்காவது சரியாக ஐந்தரை மணி நேரம் இடிக்கிறது என்றால் நான் முதலில் தேடுவது அந்த மேற்கோளைத்தான்.

புது ஃபார்மேட்டரிலும் எனக்குக் குறை உண்டு. அதன் இயல்பான ஸ்மார்ட் முறையில் பிப்ரவரி 30 கொடுத்தால் மாதத்தின் கடைசி நாளாக மாற்றிக்கொள்கிறது. மார்ச்சுக்குத் தாவவில்லை, அவ்வளவுதான். கறாராக இருக்க ஸ்ட்ரிக்ட் முறை வேண்டும். அதைப் போட்டால் சிறிய ஒய் போதாது, சகாப்தம் எது (கி.மு.வா, கி.பி.யா) என்று கேட்கும், சிறிய யு (u) எழுத்துக்கு மாற வேண்டும். முதல்முறை பார்ப்பவர் இதை எப்படி ஊகிப்பார்?

அப்புறம் லோக்கேல், அதாவது எந்த மொழி, எந்த நாட்டு வழக்கம் என்ற குறிப்பு. இதைச் சொல்லாமல் விட்டால் சர்வர் அமைப்பில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். ஜேடிகே 9 முதல் மாதப் பெயர், ஏஎம்-பிஎம் எல்லாம் யூனிகோடின் சிஎல்டிஆர் என்ற மொழிவாரித் தரவிலிருந்து வருகின்றன. இந்திய ஆங்கிலத்தில் பிஎம் சிறிய எழுத்தாயிற்று. பெரிய எழுத்தில் வரும் கோப்பைப் படிக்கச் சொன்னால் மறுக்கும், ஏனென்றால் ஃபார்மேட்டர் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று பார்க்கும். ஜேடிகே 16-இல் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் செப்டம்பரின் சுருக்கம் மூன்று எழுத்திலிருந்து நான்காயிற்று. ஜேடிகே 20-இல் அமெரிக்க ஆங்கிலத்தின் தயார் வடிவங்களில் நேரத்துக்கும் பிஎம்முக்கும் நடுவே இருந்த இடைவெளியே வேறு குறியாக மாறியது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, டெஸ்ட் மட்டும் சிவப்பாகும். பழைய தரவுக்குத் திரும்ப இருந்த காம்பேட் வழியும் ஜேடிகே 23-இல் மூடிவிட்டார்கள். ஆகவே இரண்டு மென்பொருளுக்கு நடுவே போகும் தேதி என்றால் வருடம்-மாதம்-நாள் என்று எழுதும் ஐஎஸ்ஓ 8601 வடிவம்தான், பேச்சே இல்லை. மனிதர் படிப்பதற்கு மட்டும் லோக்கேல்.

மனிதர் படிப்பதில் ஒரு சந்தோஷமும் கிடைத்தது. ஜாவா 16-இல் பெரிய பி (B) என்ற பேட்டர்ன் எழுத்து வந்தது. தமிழ் லோக்கேலோடு போட்டால் அதிகாலை, காலை, மதியம், மாலை, இரவு என்று நாம் பேசுகிற மாதிரியே பொழுதைச் சொல்கிறது. நினைவூட்டல் குறுஞ்செய்தியில் 'காலை 9:30' என்று தானாக வருவது நன்றாகவே இருக்கிறது. எங்கள் வாடிக்கையாளர்களில் சிலர் இதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

பழைய டேட்டாபேஸ் கோட் மட்டும் இன்னும் ஜாவா.எஸ்கியூஎல்.டேட் என்ற பழைய தேதி வகையைத் திருப்பித் தருகிறது. அதில் டூஇன்ஸ்டன்ட்டைக் கூப்பிட்டால் எப்போதும் எக்செப்ஷன்தான், டூலோக்கல்டேட்டைக் கூப்பிடுங்கள்.