ரோகிணியும் திருவாதிரையும்: இரண்டு சிவப்புக் கிழங்கள்

மார்கழியில் இரவு எட்டு மணிவாக்கில் கிழக்கே பார்த்தால் இந்த இரண்டு விண்மீன்களும் தெரியும். இரண்டும் செந்நிறம், இரண்டும் முதுமையில் ஊதிப்போனவை. ஒற்றுமை அதோடு சரி.

ரோகிணி சுமார் 65 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நிறையில் நம் சூரியனைவிடக் கொஞ்சம்தான் அதிகம். விட்டமோ ஏறக்குறைய 44 மடங்கு. மேற்பரப்பு வெப்பநிலை 3,900 கெல்வின். மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து, இப்போது அதைச் சுற்றிய ஓட்டில் எரிகிறது. பல நூறு கோடி ஆண்டு வாழ்ந்த நிதானமான ஆள்.

திருவாதிரை வேறு ரகம். வயது ஒரு கோடி ஆண்டுவாக்கில்தான், அதற்குள் கிழடு. நிறை சூரியனைப்போல் பத்து மடங்குக்கும் மேல். எரிபொருளை அள்ளி இறைத்துவிட்டது. சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். வெப்பநிலை என்னவோ 3,600 கெல்வின்தான், ரோகிணியைவிடக் குறைவு! ஆனால் பரப்பு அத்தனை பெரிது என்பதால் சூரியனைப்போல் பல்லாயிரம் மடங்கு ஒளிர்கிறது.

2019 கடைசியில் இது மங்க ஆரம்பித்தது. 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் பாதிகூட இல்லை. வெடிக்கப்போகிறது என்று பலர் பரபரத்தார்கள். அப்புறம் பார்த்தால், தானே கக்கிய வாயு குளிர்ந்து தூசாகி நம் பார்வையை மறைத்திருக்கிறது.

வெடிப்பது நிச்சயம், ஆனால் அதற்கு இன்னும் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகலாம். ரோகிணி வெடிக்காது, வெண்குறுமீனாக, அதாவது சுருங்கி மெல்லக் குளிரும் சிறு விண்மீனாக அடங்கிவிடும். வேடிக்கை பார்க்க என் ஓட்டு திருவாதிரைக்குத்தான்.