640 யூரோ போயிற்று: ருமேனிய மடாலயங்களுக்குப் போகிறவர்கள் வழிகாட்டிக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

நேற்று இரவுதான் திரும்பினோம். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து எழுத உட்கார்ந்தால் 'போனது போகட்டும்' என்று நானே சமாதானமாகிவிடுவேன் என்பதால் வயிறு எரியும்போதே எழுதுகிறேன். போனது 640 யூரோ.

ஊரிலிருந்து அம்மா மூன்று மாத விசாவில் ஜெர்மனிக்கு என்னிடம் வந்திருக்கிறார். ருமேனியா 2025 ஜனவரி முதல் ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா எல்லைக்குள் முழுமையாக வந்துவிட்டதால் அதே விசாவிலேயே போய்வரலாம். பாரிஸ் கூட்டத்தில் அம்மாவை இழுத்துக்கொண்டு அலைய எனக்கு மனமில்லை. கோயில் சுவர் நிறையச் சித்திரம் இருந்தால் அவருக்குப் போதும். வடகிழக்கு ருமேனியாவில் புக்கோவினா என்ற பகுதியில் அப்படிப்பட்ட மடாலயங்கள் இருக்கின்றன: வொரோனெட்ஸ், ஹுமோர், மோல்டோவிட்சா, சுச்செவிட்சா. உள்ளே மட்டுமல்ல, வெளிச்சுவரிலும் அடியிலிருந்து கூரை விளிம்பு வரை ஓவியம். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு மழையும் பனியும் பட்டும் பல சுவர்களில் நிறம் அப்படியே நிற்கிறது.

மலைப்பாதையில் வண்டி ஓட்டும் துணிச்சல் எனக்கு இல்லை. எனவே உள்ளூர் வழிகாட்டிகளைப் பயணிகளோடு சேர்த்துவைக்கும் ஒரு இணையதளத்தில் தேடினேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அப்படிப்பட்ட தளங்கள் நிறைய இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் முகம் ஒன்றுதான். அதில் ஒருவன். காரும் அவனே, வழிகாட்டியும் அவனே. ஐந்து நட்சத்திரத்துக்கு ஒரு மயிரிழை குறைவான மதிப்பெண். நான்கு நாளுக்கு, மூன்று இரவு அறை வாடகையும் சேர்த்து, 760 யூரோ. ஆகஸ்ட் 14 வொரோனெட்ஸ். மறுநாள் ஹுமோர், மோல்டோவிட்சா, அங்கிருந்து மலைக்கணவாய் ஏறி இறங்கிச் சுச்செவிட்சா. 16ஆம் தேதி பிக்காஸ் மலையிடுக்கும் சாஹ்லவ் மலையடிவாரமும். கடைசி நாள் கோட்னாரியின் திராட்சைத் தோட்டம், மாலையில் யாஷ் நகரில் விமானம்.

பதிவு செய்த அன்றே தனியாகச் செய்தி அனுப்பினான். தளம் பெரிய தரகு பிடிக்கிறது, பதிவை நீங்களே ரத்து செய்துவிட்டு நேரடியாக என்னிடம் கொடுங்கள், 640க்கு முடித்துத் தருகிறேன் என்றான். முன்பணம் 200, மீதி வந்தபின். 120 யூரோ மிச்சமாகிறதே என்று பல்லை இளித்துக்கொண்டு ரத்து செய்தேன். இந்த இடத்தில் என்னைத் திட்ட நினைப்பவர்கள் வரிசையில் நில்லுங்கள், அம்மா முதலில் நிற்கிறார்.

முதல் நாளைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. அதுதான் எரிச்சல். சுச்சாவா விமான நிலையத்தில் பெயர்ப் பலகையோடு நின்றான். அம்மாவின் பையைத் தானே தூக்கினான். சாப்பாட்டுக் கடையில் அம்மா சைவம் என்று நான் விளக்கத் தொடங்கியதும் கையமர்த்திவிட்டு, பரிமாறும் பெண்ணிடம் "தே போஸ்ட்" என்று இரண்டே சொல் சொன்னான். மாதா விண்ணேற்ற நாளுக்கு முன் ஆகஸ்ட் 1 முதல் 14 வரை அங்கே விரதமாம். விரதச் சாப்பாடு என்று கேட்டால் இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேராது. பீன்ஸ் குழம்பும் மஞ்சளாக ஒரு உருண்டையும் வந்தன. மக்காச்சோள மாவில் கிண்டிய மமலிகா. அம்மா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "களி!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன்.

மீதிப் பாதி வொரோனெட்ஸில். 1488இல் மோல்தாவியாவை ஆண்ட ஸ்தெஃபான் மன்னன் நான்கே மாதத்துக்குள் கட்டி முடித்த கோயில். வெளிச்சுவர் ஓவியங்கள் 1547இல் வந்தவை. அவற்றின் நீல நிறத்துக்கு ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மேற்குச் சுவர் முழுவதும் இறுதித் தீர்ப்பு. ஜன்னலே இல்லாத சுவர், ஒரே சித்திரம். மேலே தேவதூதர்கள் ராசிச் சின்னங்கள் எழுதிய வானத்தைப் பாய் போலச் சுருட்டுகிறார்கள். கிறிஸ்துவின் காலடியிலிருந்து நெருப்பு ஆறாக இறங்குகிறது, அதில் பாவிகள். அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான். குரலில் பக்தி இருந்தது. இன்றைக்கும் அதை நடிப்பு என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

வெளியே மெழுகுவர்த்தி ஏற்றத் தகரப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் 'வீ' என்று எழுதியிருந்தது, உயிரோடிருப்பவர்களுக்கு. இன்னொன்றில் 'மோர்ட்ஸ்', இறந்தவர்களுக்கு. அவன் ஓடிப்போய் மெல்லிய மஞ்சள் மெழுகுவர்த்திகள் வாங்கிவந்து, காசு வாங்க மறுத்து, அம்மாவின் கையைப் பிடித்து எந்தப் பெட்டியில் யாருக்கு என்று காட்டினான். அம்மா ஒன்றை எனக்கும் ஒன்றை அப்பாவுக்கும் ஏற்றினார். காற்றில் அப்பாவுடையது அணைந்தது. அவன் இரண்டு உள்ளங்கையாலும் மறைத்துக்கொண்டு மறுபடி ஏற்றிக் கொடுத்தான்.

அடுத்த பத்தாவது நிமிடம், கார் அருகில், தயங்கித் தயங்கிக் கேட்டான். நாளை 15ஆம் தேதி மாதா திருநாள், நாடு முழுக்க விடுமுறை. மலையில் அறைக்காரரும் கோட்னாரியில் தோட்டக்காரரும் இன்றே பணம் கேட்கிறார்கள். மீதி 440ஐ இப்போது அனுப்ப முடியுமா? கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. அண்ணி, கணக்குவழக்கு அவர்தான் பார்க்கிறார் என்றான். கணக்கு எண்ணும் ருமேனிய எண் இல்லை, வேறு ஏதோ நாட்டைக் குறிக்கும் எழுத்துகளில் தொடங்கியது. பார்த்தேன். பார்த்தும் அனுப்பினேன். அப்பாவின் மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்தவனிடம் கணக்கு எண்ணைப் பற்றி எப்படிக் கேட்பது? பத்து விநாடியில் பணம் போய்ச் சேர்ந்தது. நன்றி சொல்லி, குரா ஹுமோருலுய் ஊரில் ஒரு தங்கும் விடுதியில் எங்களை இறக்கிவிட்டுப் போனான். நாளை எட்டரைக்கு வருவதாகச் சொன்னான். அம்மாவின் பிளாஸ்க் பின்சீட்டில் இருந்தது. காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

எட்டரை. ஒன்பது. ஒன்பதேகாலுக்குச் செய்தி: ஹுமோர் மடாலயத்தில் இன்று திருவிழா, சாலை அடைத்துக் கிடக்கிறது, பொறுங்கள். அது பொய்யாகவும் இல்லை. அந்த மடாலயமே மாதா திருநாளுக்கு உரியது, ஊரே அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. பத்தரைக்கு: வண்டியில் ஏதோ கோளாறு, விடுமுறையாதலால் பட்டறை இல்லை. பன்னிரண்டுக்கு: தம்பி வேறு வண்டியில் கிளம்பிவிட்டான். ஒன்றரைக்கு நான் அழைத்தபோது மணி அடித்தது, எடுக்கவில்லை. மூன்று மணிக்கு மணியும் அடிக்கவில்லை.

விடுதி அம்மையார் ஜெர்மனியில் சில ஆண்டு வேலை பார்த்தவர், அதனால் பேச முடிந்தது. அவருக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை. அவன் தொலைபேசியில் அறை சொன்னதோடு சரி. 350 லேய் (ருமேனியப் பணம்) நான் மறுபடி கொடுத்தேன். அவர் மீது தவறில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டே, "இந்தக் கோடையில் நீங்கள் இரண்டாவது ஆள்" என்றார். முதல் ஆள் ஏமாந்தபோதே இதைச் சொல்லியிருந்தால் என்ன என்று கேட்க வாய் வரை வந்தது.

பிறகு தொடங்கியது சுற்றல். அந்த இணையதளத்தின் உதவிப் பிரிவில் முதலில் இயந்திரம் பேசியது, அரை மணி கழித்து ஒரு மனிதர். மிக மரியாதையான மனிதர். "உங்கள் பதிவு உங்களாலேயே ரத்து செய்யப்பட்டுள்ளது, ஆகவே எங்களுக்கும் உங்களுக்கும் இடையே பயணம் எதுவும் இல்லை." அவன் கேட்டுத்தான் ரத்து செய்தேன் என்றால், தளத்துக்கு வெளியே நடந்த உரையாடலுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார். வங்கியில், "பரிமாற்றத்தை நீங்களே அனுமதித்திருக்கிறீர்கள்." ஆமாம், நானே. கத்தியைக் காட்டினால்தான் கணக்கில் வருமா? திரும்பப் பெறும் கோரிக்கை அனுப்புகிறோம், வாங்கியவர் சம்மதித்தால் வரும் என்றார்கள். சம்மதிப்பாராம்! காவல் நிலையத்தில் புகாரை எழுதி வாங்கிக்கொண்டு எண் கொடுத்தார்கள். செய்திகளைக் காட்டச் சொன்னார்கள். அங்கேதான் தலையில் கை வைத்தேன். அரட்டைச் செயலியில் 24 மணி நேரத்தில் தானாக அழிந்துபோகும்படி அவன் முதல் நாளே அமைத்து வைத்திருந்தான். 'போனில் இடம் மிச்சமாகும்' என்று அப்போது சொன்னான். 640 யூரோவுக்கு ஆதாரமாக என்னிடம் மிஞ்சியது இரண்டு வங்கி ரசீதும், சாலை நெரிசல், வண்டிக் கோளாறு என்று அவன் கடைசியாக அனுப்பிய சாக்குகளும்தான்.

பார்த்தது எவ்வளவு என்கிறீர்களா? வொரோனெட்ஸ். மறுநாள் விடுதி அம்மையாரின் பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஹுமோர், கூட்டம் வடிந்தபின் அரை மணி நேரம். அவ்வளவுதான். சுச்செவிட்சாவில் சொர்க்கத்துக்கு ஏறும் ஏணி ஒன்று சுவர் உயரத்துக்கு வரைந்திருக்கிறார்கள், ஒரு பக்கம் தேவதூதர்கள் அணிவகுத்து நிற்க, மறுபக்கம் ஏறுகிறவர்களின் காலைப் பிசாசுகள் பிடித்து இழுக்கும். அம்மா அதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். கைபேசியில் படமாகக் காட்டினேன். சாஹ்லவ் மலை இல்லை. ரயில் பிடித்து யாஷ் வந்தோம். கோட்னாரி அந்தப் பாதைக்கு வடக்கே எங்கோ இருந்தது. ஜன்னலில் திராட்சை தென்படுகிறதா என்று நான் எட்டிப் பார்க்க, அம்மா தூங்கிவிட்டார்.

இதில் எனக்குத் தாமதமாக உறைத்த ஒன்று உண்டு. ரத்து செய்த பதிவுக்கு மதிப்பெண் போட முடியாது. நான் முயன்று பார்த்தேன், பெட்டியே திறக்கவில்லை. யாரை ஏமாற்றுகிறானோ அவர்களை முதலில் ரத்து செய்ய வைக்கிறான். ரத்து செய்யாதவர்களை ஒழுங்காகச் சுற்றிக் காட்டி நட்சத்திரம் வாங்குகிறான். அவனுடைய அந்த மதிப்பெண் பொய்யில்லை. அதில் நாங்கள் இல்லை, அவ்வளவே.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை, கை நடுங்குகிறது. தளத்தில் பதிவு செய்தால் தளத்திலேயே பணம் கட்டுங்கள், தரகு போனால் போகட்டும். ருமேனியாவில் சுற்றுலா வழிகாட்டிக்கு அரசுச் சான்று உண்டு. முதலிலேயே காட்டச் சொல்லுங்கள், நான் கேட்கவில்லை. அண்ணி, மைத்துனன் கணக்குக்கு அனுப்பாதீர்கள். செய்திகளை அன்றன்றே படம் பிடித்து வையுங்கள். விடுதியில் நுழைந்ததும் பணம் வந்துவிட்டதா என்று கேளுங்கள். முக்கியமாக, ஆகஸ்ட் 15ஐ ஒட்டி மீதியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இன்று காலை அவன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இம்மாதம் 23 முதல் 26 வரை இடமில்லை என்று காட்டுகிறது. யாரோ பதிவு செய்திருக்கிறார், இன்னும் ரத்து செய்யவில்லை. அது நீங்கள் என்றால், அவன் என்ன சொன்னாலும் ரத்து செய்யாதீர்கள். பின்சீட்டில் சிவப்பு மூடி போட்ட ஸ்டீல் பிளாஸ்க் ஒன்று கிடந்தால் அது எங்களுடையது.