28,500 ரூபாயும் போய், ஓடிக்கொண்டிருந்த பழைய லைனும் போய்விட்டது: வீட்டு இன்டர்நெட் மாற்றப் போகிறவர்கள் இதை வாசியுங்கள்

இன்றோடு ஆறாவது தடவை. காலை பஸ்ஸில் டவுனுக்கு இறங்கி, அந்தக் கடை வாசலில் முக்கால் மணி நேரம் நின்று, "முதலாளி கண்டிக்குப் போயிட்டாருங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நானும் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன். 28,500 ரூபாயை அப்படி விடுகிற நிலையில் எங்கள் வீடு இல்லை.

கடையின் பெயரைப் போடவில்லை. போன் விற்கிற, ரீலோட் போடுகிற, போனுக்குக் கண்ணாடி ஒட்டித் தருகிற, கூடவே "எல்லாக் கம்பெனி இன்டர்நெட் இணைப்பும் எடுத்துத் தரப்படும்" என்று போர்ட் மாட்டியிருக்கிற ஒரு கடை. ஹட்டனிலிருந்து பதுளை வரை எந்த டவுனிலும் இப்படி நாலைந்து இருக்கின்றன.

நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். இஸ்தோப்பை, அதாவது வீட்டு முன் திண்ணையை, அடைத்து எடுத்த சின்ன அறையில் பழைய கம்ப்யூட்டர் மூன்று வைத்திருக்கிறேன். பகலில் டைப்பிங், விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. பின்னேரம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு. தங்கை உயர்தரம் படிக்கிறாள், அவளுடைய சூம் வகுப்பும் அதே லைனில்தான். இவ்வளவு நாளும் இருந்தது தொலைபேசிக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி நீள நீள அதில் வேகம் குறையும். எங்கள் வீடோ லைனின் கடைசியில். சித்திரையில் இடி இடித்தால் கம்பி வழியாகவே மின்னல் இறங்கி ரவுட்டரைச் சுட்டுவிடும், இரண்டு தடவை சுட்டது. மூன்று கம்ப்யூட்டரும் ஒன்றாக ஓடினால் தங்கையின் வகுப்பில் ஆசிரியர் வாயைத் திறந்தபடியே நின்றுவிடுவார்.

அதனால்தான் மாற்றலாம் என்று நினைத்தோம். நினைத்தது தப்பில்லை. போய்க் கேட்ட இடம்தான் தப்பு.

கடைக்கார அண்ணன் நன்றாகப் பேசினார். "ஃபோர்ஜி ரவுட்டர் ஒண்ணு போடுவோம் தங்கச்சி, அன்லிமிட்டெட், மாசம் ஒரே கட்டணம், மூணு கம்ப்யூட்டருக்கும் வயர் இழுத்து நாங்களே ஷேர் பண்ணித் தர்றோம்" என்றார். எந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு), எந்த டிவிசன் (தோட்டப் பிரிவு) என்று விசாரித்தார். சொன்னதும், "அட, எங்கம்மாவும் அந்த டிவிசன்லதான் கொழுந்து எடுத்தாங்க" என்றார். அது உண்மையா பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் என் மனம் இளகிவிட்டது.

அடுத்த ஞாயிறு ஒரு பையனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அம்மா ரொட்டி சுட்டு, கட்டச்சம்பலும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் அம்மா காசை எடுத்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. "இருங்கம்மா, லைன் ஓடட்டும், பிள்ளைங்க பார்க்கட்டும், அப்புறம் கொடுங்க" என்றார். ஏமாற்ற வந்தவன் நீட்டிய காசை வேண்டாம் என்பானா? அந்த இடத்தில்தான் நாங்கள் விழுந்தோம். ஒரு மணி நேரத்தில் மூன்று கம்ப்யூட்டரிலும் வீடியோ ஓடியது. அம்மா 28,500 ரூபாயையும் எண்ணி அவர் கையில் வைத்தார். ரவுட்டரும் சிம்மும் 19,500, வயர் 5,000, பொருத்தின கூலி 4,000. கொழுந்தெடுக்கப் போனால் 2024இல் நிர்ணயித்த ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். அட்டைக்கடியோடு இருபத்தொரு நாள் கூலி அந்தக் காசு. சீட்டு எடுத்து, தங்கையின் படிப்புக்கென்று அம்மா ஒதுக்கி வைத்திருந்தது.

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்: "பழைய லைனை வெட்டச் சொல்லிடுங்க தங்கச்சி, சும்மா ஏன் இரண்டு பில் கட்டணும்?" நானும் மறுநாளே போய் எழுதிக் கொடுத்தேன். வெட்டிவிட்டார்கள்.

ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் காலை நின்றது.

முதலில் மழை என்று நினைத்தேன். கடைக்குப் போன் எடுத்தால் அவரும் அதையேதான் சொன்னார்: "மழைக்கு டவர் அப்படித்தான் தங்கச்சி, ரெண்டு நாள் பாருங்க." இரண்டு நாள் போனது. "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." செய்தேன். "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கும்." மூன்று கம்ப்யூட்டரிலும் ஒரே காலையில் வைரஸா என்று கேட்டேன், போன் வைக்கப்பட்டது. பிறகு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கே எடுத்தேன். அங்கே இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசியது. சிம் இலக்கத்தைச் சொன்னேன். அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டது. சொன்னேன். "மன்னிக்கணும் மிஸ், இந்த இணைப்பு உங்க பெயரில் இல்லை, உரிமையாளர்தான் பேசணும்."

என் பெயரில் இல்லை! என் அடையாள அட்டையின் பிரதியை அந்த அண்ணன் கையில் கொடுத்தவள் நான். யாருடைய பெயரில் என்று அவர்கள் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது, அது புரிகிறது. கெஞ்சிக் கேட்டதில் ஒன்றை மட்டும் சொன்னார்கள்: அது மாதக் கட்டணம் கட்டுகிற இணைப்பே இல்லையாம். முன்பணம் போட்டுப் பாவிக்கிற சாதாரண டேட்டா சிம், போட்டிருந்த டேட்டா முடிந்துவிட்டதாம். அன்லிமிட்டெட் என்று எங்கள் வீட்டில் ஓடியது யாரோ ஒருவரின் பெயரிலிருந்த ஒற்றை டேட்டா கார்ட். என் அடையாள அட்டைப் பிரதியை வைத்து என் பெயரில் எங்கே, யாருக்கு ஒரு சிம் போயிருக்கிறதோ என்பதை நினைத்தால் இரவில் தூக்கம் வருவதில்லை.

சரி, வேறு கம்பெனி சிம் ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்ப்போம் என்றால் ரவுட்டர் ஏற்கவில்லை. அதே கம்பெனி சிம் மட்டும் வேலை செய்யும்படி பூட்டிய ரவுட்டர் அது. திருப்பிப் பார்த்தபோதுதான் அடியில் ஒட்டியிருந்த ஐஎம்இஐ இலக்கம், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தனியாக உள்ள அடையாள இலக்கம், கண்ணில் பட்டது. பெட்டியில் இருப்பது வேறு இலக்கம். புதிது என்று 19,500 ரூபாய்க்குத் தந்தது யாரோ பாவித்துத் திருப்பிக் கொடுத்த பொருள்.

வயர் கதை தனி. கொழும்பில் நெட்வொர்க் வேலை செய்யும் சித்தி மகனுக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினேன். வயரின் நுனியைக் கத்தியால் சுரண்டச் சொன்னான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. கொஞ்சம் வளைத்தாலே உள்ளுக்குள் உடையும் என்றான். எட்டு நூலில் நாலைத்தான் முனையில் பொருத்தியிருந்தார்கள். ஃபோர்ஜி வேகத்துக்கு நாலு போதும், ஆனால் காசு எட்டுக்கும் வாங்கியாயிற்று. அதைவிட மோசமானது இன்னொன்று. ஒரு லைனை மூன்று கம்ப்யூட்டருக்குப் பிரித்துத் தர நெட்வொர்க் சுவிட்ச் என்ற பெட்டி ஒன்றை வாங்கிப் போட்டதாகச் சொன்னார்களே, அது என்னுடைய பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டர்தான். அதைக் குறுக்கே செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுவும் கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுக்கிறது, புது ரவுட்டரும் கொடுக்கிறது. போதாததற்கு இரண்டுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி. ஓடிய அந்த ஒன்பது நாளிலும் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் அடிக்கடி நின்றதற்குக் காரணம் அதுதான்.

சித்தி மகன் சொல்லச் சொல்ல நானே பத்து நிமிடத்தில் சரிசெய்தேன். பழைய ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதிலுள்ள டிஎச்சிபியை (கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுக்கிற வேலையை) நிறுத்தி, இரண்டிலும் லேன் என்று எழுதிய துளைக்கே வயரைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். பழைய ரவுட்டர் சும்மா கிடந்தால் நீங்களும் இப்படிப் பாவிக்கலாம், தனியாக சுவிட்ச் வாங்கத் தேவையில்லை. பத்து நிமிட வேலை. அதற்கு 4,000 ரூபாய் கூலி, அதையும் பிழையாகச் செய்துவிட்டு!

கடைக்கு முதல் தடவை போனபோது "நாளைக்குப் பையனை அனுப்புறேன்" என்றார். நாங்கள் மூன்று நாள் வெளியே எங்கும் போகாமல் காத்திருந்தோம். இரண்டாவது தடவை பையனே லீவு. மூன்றாவது தடவை அம்மாவும் கூட வந்தார். அம்மா யாருக்கு ரொட்டி சுட்டுப் போட்டாரோ அதே மனிதர் நிமிர்ந்தும் பார்க்காமல், "வித்த பொருளுக்கு நாங்க பொறுப்பில்லைம்மா, கம்பெனிக்காரங்கள கேளுங்க" என்றார். கம்பெனிக்காரர் கடையைக் கேட்கச் சொல்கிறார்கள். நாலாவது தடவை பில்லைக் காட்டினேன். மஞ்சள் தாளில் "ரவுட்டர் செட் 28,500" என்று மட்டும் எழுதியிருக்கிறது. இலக்கம் இல்லை, உத்தரவாதம் இல்லை, கையெழுத்துக்கூடக் கிறுக்கல். "இதுல அன்லிமிட்டெட்னு எங்க எழுதியிருக்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாவது தடவையும் இன்றும் முதலாளி கண்டியில்.

பழைய லைனையாவது திரும்ப எடுப்போம் என்று போனேன். எங்கள் பக்கத்துக்கு இனிச் செம்புக் கம்பியில் புது இணைப்புக் கொடுப்பதில்லையாம், ஃபைபர் வரும்வரை பொறுக்கச் சொல்கிறார்கள். எப்போது வரும் என்று கேட்டால் பதில் இல்லை. மெதுவாகவாவது ஓடிக்கொண்டிருந்த லைனை என் கையாலேயே எழுதிக் கொடுத்து வெட்டினேன். இப்போது தங்கை போன் டேட்டாவில், கோயில் வளைவுக்கு நடந்து போய் வகுப்புக் கேட்கிறாள். வீட்டுக்குப் பின்னால் மலை நிற்பதால் உள்ளே சிக்னல் ஒரு கோடுதான். ரவுட்டர் பொருத்த வந்த அன்று அந்த அண்ணன் சிக்னல் பார்த்ததும் அந்த வளைவில் நின்றுதான். வீட்டுக்குள் பார்க்கவே இல்லை. அதை நானும் கவனிக்கவில்லை.

மாற்றப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது முடிகிற அளவு இதுதான். புதிய லைன் ஒரு முழு மாதம் ஓடி, முதல் பில் உங்கள் பெயரில் வரும்வரை பழையதை வெட்டாதீர்கள். கடையில் சிம் வாங்கினால் அங்கேயே நின்று கம்பெனிக்குப் போன் எடுத்து, யார் பெயரில் இருக்கிறது, என்ன பெக்கேஜ் என்று கேளுங்கள். முடிந்தால் கம்பெனியின் சொந்தக் கிளைக்கே போங்கள், பஸ் காசு போனாலும் பரவாயில்லை. அடையாள அட்டைப் பிரதியின் மேல் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள். கம்ப்யூட்டர் இருக்கிற அறையிலேயே சிக்னலைப் பாருங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது, அதில் ரவுட்டரின் இலக்கத்தையும் பெக்கேஜையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. எழுத்து முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், நாட்களைக் கடத்துகிற கடைக்காரருக்கு அதுதான் வசதி. சிம், இணைப்பு சம்பந்தமாக என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 1900.

எனக்கு இரண்டு மாதம் மிச்சமிருக்கிறது. மஞ்சள் பில், பெட்டி, ரவுட்டரின் அடியில் இருக்கும் இலக்கம், அந்த அண்ணன் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் எல்லாவற்றையும் படமும் பிரதியும் எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில் "அன்லிமிட்டெட்தான் தங்கச்சி, பயப்படாதீங்க" என்று அவர் குரலிலேயே இருக்கிறது. நாளை காலை தபாற்கந்தோர் திறந்ததும் பதிவுத் தபாலில் போகிறது.